மடிவீக்கமும் கொல்லாமையும்

பசுவுக்கு மடிவீக்கம் கண்டால் நம் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரிந்துவிடும். கறவை குறையும், பாலில் திரிதிரியாக விழும், மாடு கால் உதைக்கும், அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கு ஆள் போகும். அதே நோய் தெருவில் திரியும் நாய்க்கும், பரணில் குட்டி போட்ட பூனைக்கும் வரும் என்பதைச் சென்ற ஐப்பசி அடைமழையின்போதுதான் நாம் அறிந்தோம். அறிந்த விதம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தக்கதன்று. ஆயினும் அதன் வழியே எழுந்த ஒரு வினா, கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்ட நம் இல்லங்கள் அனைத்துக்கும் பொதுவானது என்பதால் இங்கே எழுதத் துணிந்தோம்.

நமது ஊர் வந்தவாசி வட்டத்தில் உள்ளது. ஜினாலயத்துக்குப் பின்தெருவில் நம் வீட்டுப் பழைய மாட்டுக்கொட்டகை ஒன்று வெறுமையாகக் கிடக்கிறது. அதில் ஒரு பெட்டை நாய் ஆறு குட்டிகளை ஈன்றது. எட்டாம் நாள் தெருவார் நால்வர் வந்தனர். குழந்தைகள் நடமாடும் வழி, நாய் சீறுகிறது, ஆறும் வளர்ந்தால் தெரு தாங்காது என்றனர். அவர்கள் கூறியதில் பொய் ஏதும் இல்லை. அவர்களுள் ஒருவர், "கொல்ல வேண்டாம், நாலு குட்டியை ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாம்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அங்கிருந்த அனைவர்க்கும் ஒரு நிம்மதி உண்டாயிற்று. கொல்ல வேண்டாம் என்று சொல்லியாயிற்று, அறம் காக்கப்பட்டது! கூடையை எடுத்துக் கொடுத்தவர்கள் நாமே.

அன்றிரவு முழுவதும் தாய் நாய் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அது எழவில்லை. எஞ்சிய இரு குட்டிகளும் ஓயாமல் கத்தின. அவை வாய்வைக்கும்போதெல்லாம் நாய் உறுமியபடி எழுந்து விலகியது. குனிந்து பார்த்தபோது பின்பக்கக் காம்புகளுள் ஒன்றைச் சுற்றிய இடம் உள்ளங்கை அகலம் வீங்கிச் செங்கருநீலமாக மாறியிருந்தது. தொடாமலே வெப்பம் தெரிந்தது. வைத்த சோறு ஈ மொய்த்துக் கிடந்தது.

நம் வீட்டில் அத்தை ஒருவர் இருக்கிறார். எழுபத்தாறு வயது. பொழுது சாய்ந்தபின் நீரும் பருகமாட்டார். வடிகட்டாத நீரைத் தொடமாட்டார். வடிகட்டிய துணியில் தங்கியதை எடுத்த கிணற்றிலேயே மெல்லக் கவிழ்ப்பார். மருத்துவரை அழைத்து ஊசி போடுவது என்று பேச்சு வந்தபோது அவர் கேட்டார்: "தம்பி, அந்த மருந்து கிருமியைக் கொல்கிற மருந்துதானே? ஒரு உயிரைக் காக்கக் கோடி உயிரைக் கொல்லலாமா? நாயின் வலி நாயின் வினை. நாம் எதற்குப் புதிதாக வினை சேர்த்துக்கொள்வது?"

பக்கத்தில் நின்ற இளைஞர்கள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. வினா சரியான வினா என்று பட்டது. விடையும் நம்மிடம் இல்லை.

விடை காணும் முன் நோயை அறியவேண்டும். வந்த மருத்துவர் இளைஞர், பொறுமை மிக்கவர். முதலில் ஒரு துணி நாடாவால் நாயின் வாயைத் தளர்வாகக் கட்டினார். வலியில் இருக்கும் தாய், சோறிட்ட கையையும் கடிக்கும். கடி பட்டால் சோப்பு நீரில் கால்மணி நேரம் கழுவி உடனே வெறிநோய்த் தடுப்பூசிக்கு ஓடவேண்டும் என்றார். வெப்பமானி 104 டிகிரியைத் தாண்டிக் காட்டியது. நாய்க்கு இயல்பு 101 முதல் 102.5 வரை. வீங்கிய காம்பை மெல்ல அழுத்தினார். வந்தது பாலன்று, மஞ்சளும் இரத்தச் சிவப்பும் கலந்த கெட்டியான நீர். அடுத்த காம்பை அழுத்தினார். வெண்மையான நல்ல பால் வந்தது. நாய்க்குப் பெரும்பாலும் ஐந்து இணைக் காம்புகள், பூனைக்கு நான்கு இணை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனித்தனிச் சுரப்பி இருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றவை நன்றாகவே இருக்கக்கூடும் என்று விளக்கினார்.

எப்படி வருகிறது இந்நோய்? ஈ.கோலை, ஸ்டெபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமிகள் பெரும்பாலும் காம்பின் துளை வழியாகவோ, குட்டிகளின் நகமும் பல்லும் பட்ட கீறல் வழியாகவோ உள்ளே புகுகின்றன. ஈரமும் அழுக்குமான படுக்கை அவற்றுக்குத் துணை. இவை நாம் ஊகித்தவையே. அடுத்து அவர் கூறியதுதான் நம்மைச் சுட்டது. சுரந்த பால் வெளியேறாமல் தேங்கினால் மடி கல்லாய் இறுகும். தேங்கிய பாலில் கிருமி எளிதில் பெருகும். "ஆறு குட்டிக்குச் சுரந்த மடி ஐயா இது. திடீரென்று இரண்டு வாய்தான் என்றால் மீதிப் பால் எங்கே போகும்? குட்டிகள் என்ன ஆயின?" என்று கேட்டார். கூடையைப் பற்றி அவரிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை. அத்தைதான் சொன்னார்.

இனி அத்தையின் வினாவுக்கு வருவோம். கிருமியும் உயிரே என்பதில் நமக்குத் தடையில்லை. கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் எங்கும் நிறைந்துள்ளன என்று நுண்ணோக்கி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கூறிய நெறி நம்முடையது. மருந்து அவற்றைக் கொல்லும் என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை. பென்சிலின் என்னும் மருந்தை 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்ததும் ஒரு பூசணத்திலிருந்துதான். ஆக மருந்தின் பிறப்பிலும் உயிர், செயலிலும் உயிர்க்கேடு.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த மடியில் நாம் கை வைப்பதற்கு முன்பே போர் நடந்துகொண்டிருந்தது. உடலின் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கிக் கொன்று தாமும் மடிகின்றன. சீழ் என்று நாம் முகம் சுளிப்பது அந்த இருபடையின் பிணக்குவியலே. நாம் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வந்தால் உள்ளே கொலை நிகழாமல் நின்றுவிடப் போவதில்லை. கிருமி இரத்தத்தில் பரவித் தாய் சாகும். பால் இன்றிக் குட்டிகள் சாகும். தாயின் உடலோடு அக்கிருமிகளும் அழியும். உயிர்க்கணக்குப் பார்ப்பவர்க்கு இதுவும் கணக்கில் வரவேண்டும்.

"உடல் செய்வது உடலின் இயல்பு, ஊசி போடுவது நம் செயல் அல்லவா?" என்று அத்தை உடனே மறுத்தார். உண்மை. எண்ணிக்கையை வைத்து மட்டும் இவ்வினாவைத் தீர்க்க இயலாது. அவ்வாறாயின் ஒரு யானையைக் கொன்று உண்பது ஒரு வேளைக் கீரை உண்பதைவிட நன்று என்றும் வாதிடலாம். அவ்வாதத்தை நம் ஆசாரியர்கள் என்றோ தள்ளிவிட்டனர். ஓரறிவுயிரும் ஐம்பொறியும் மனமும் உள்ள உயிரும் தம்முள் ஒத்த தட்டில் வைக்கத்தக்கன அல்ல. தமிழ் வழக்கில் நாயை ஐந்தறிவுயிர் என்று ஒரு படி இறக்கிச் சொல்கிறோம். நம் ஆகம வழக்கிலோ நாயும் நாமும் மனமுள்ள ஐம்பொறி உயிர் என்னும் ஒரே வகுப்பு.

உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது உயிர் பிரிவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய மன மொழி மெய்ச் செயலால் உயிர்ப்பைப் பிரித்தல் என்றே கூறுகிறார். பிரமாதம் என்பது உள்ளத்தின் சோர்வு. ஆசையாலோ வெறுப்பாலோ அசட்டையாலோ விழிப்பிழந்த நிலை. அச்சூத்திரத்துக்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை கண்ட பூச்சியபாதர், ஆறாம் அதிகாரத்தில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். துறவி ஒருவரின் உடலில் கட்டி. மிகுந்த கருணையுள்ள மருத்துவர் ஒருவர் அதைக் கீறுகிறார். துறவிக்கு வலி உண்டாகிறது. வலிக்குக் காரணம் மருத்துவர்தாம். எனினும் அப்புறக்காரணம் ஒன்றினால் மட்டும் மருத்துவருக்குப் பாவப்பிணிப்பு இல்லை என்கிறார். நம் கொட்டகையிலும் அன்று கத்தி எடுக்கவேண்டியிருந்தது. வீக்கத்தின் நடுவே சீழ் திரண்டு தோல் மெலிந்திருந்தது. மரக்கும் மருந்து கொடுத்துக் கீறி, கழுவி, சீழ் வடிய வழி விட்டார். அத்தை திரும்பிப் பார்க்காமல் வாசலில் நின்று நவகாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கருணை என்ற பெயரால் எதுவும் செய்யலாம் என்று இதற்குப் பொருளாகாது. தெருவார் ஒருவர், "இவ்வளவு துன்பம் எதற்கு, ஒரே ஊசியில் நிம்மதியாக அனுப்பிவிடுங்கள்" என்று மருத்துவரிடம் சொன்னார். அதுவும் இரக்கத்தில் பிறந்த பேச்சுதான். துன்புறுவதைக் கொன்றால் துன்பம் தீரும் என்னும் எண்ணத்தையே ஒரு வாளாகக் கண்டு, அதைக் கையில் எடுக்காதீர் என்று அமிர்தசந்திர சூரி புருஷார்த்த சித்தியுபாயத்தில் தடுத்திருக்கிறார். இங்கே அத்தடையை நினைவூட்டவும் தேவைப்படவில்லை. இது பெரும்பாலும் குணமாகும் நோய், தீர்க்க முடிந்த ஒன்றுக்கு அந்த ஊசியைக் கேட்காதீர்கள் என்று மருத்துவரே மறுத்துவிட்டார்.

நாயின் வலி நாயின் வினை என்ற சொல் எஞ்சியிருந்தது. அசாதாவேதனீய வினையின் உதயம் என்று துன்பத்துக்குக் காரணம் கூறுவது நம் நூல்களில் உள்ளதே. ஆனால் அக்கோட்பாடு யார் வாயில், யார் துன்பத்தைப் பற்றி எழுகிறது என்பதைப் பார்க்கவேண்டும். முனிவர் தாங்கவேண்டிய இருபத்திரண்டு பரீசகங்களுள் நோயும் ஒன்று. அவர் தம் நோயை வினையின் பயன் என்று எண்ணி அமைதியோடு தாங்குகிறார். அது அவர் விரும்பி ஏற்ற விரதம். அந்த நாய் எந்த விரதமும் ஏற்கவில்லை. அதன் சார்பில் பரீசகத்தை நாம் ஏற்று வைப்பது எப்படித் தவமாகும்? நமக்குப் பல்வலி வந்தால் வினை என்று கிடக்கிறோமா? காஞ்சிபுரத்துக்குப் பேருந்து ஏறுகிறோம்!

சீவக சிந்தாமணியை அறிந்த நம்மவர்க்கு ஒரு நாய் உடனே நினைவுக்கு வரும். அடிபட்டுச் சாகக் கிடந்த நாயின் செவியில் சீவகன் நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. நம் இல்லங்களிலும் அவ்வாறு ஓதும் வழக்கம் உண்டு. ஆனால் காப்பாற்றக்கூடிய நாய்க்கும் மந்திரம் ஒன்றே போதும் என்று சீவகன் கதையை நாம் எடுத்துக்கொள்வோமாயின், கதையை நமக்கு வசதியாக வளைத்துக்கொண்டோம் என்பதே பொருள்.

மருந்து பற்றி அத்தைக்கு இன்னொரு எண்ணம் இருந்தது. ஊசியைத் தவிர்க்க முடியாதென்றால் நாளைக் குறைத்துக்கொள்ளலாமே; குறைந்த கொலை ஆகுமே என்றார். மருத்துவர் தலையசைத்தார். பாதியில் நிறுத்தினால் மெலிந்த கிருமி செத்து வலிய கிருமி எஞ்சும், நோய் திரும்பும், அப்போது இன்னும் கடுமையான மருந்தை இன்னும் நெடுநாள் கொடுக்க நேரும். அதற்காக வேண்டாத இடத்தில் மருந்து கொடுப்பதும் தவறு. பால் தேங்கி இறுகியது மட்டும் என்றால், தாய்க்குக் காய்ச்சலும் இல்லை, பாலும் கெடவில்லை என்றால், வெந்நீர் ஒற்றடமும் மெல்லப் பீய்ச்சுதலுமே பல நேரம் போதும் என்றார். தேவைக்கு மிகாமலும் குறையாமலும் கொடுப்பதே அவர் நெறி. நம் அணுவிரதத்தின் நெறியும் அதுவே என்று அத்தை பிறகு எம்மிடம் மெல்லச் சொன்னார்.

மருந்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். சில மருந்துகள் பாலின் வழியே குட்டிகளுக்குச் சென்று வளரும் எலும்பையும் பல்லையும் கெடுக்கும். ஆகவே பாலூட்டும் தாய்க்கு ஏற்றதையே தரவேண்டும். வீட்டில் இருக்கும் மாத்திரையை நாமே கொடுப்பது பெருந்தவறு. பக்கத்து ஊரில் ஒரு வீட்டார், இதே நோயால் முனகிய தாய்ப்பூனைக்கு இரக்கப்பட்டுப் பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து வைத்தனர். மனிதர்க்குக் காய்ச்சல் தணிக்கும் அம்மாத்திரையை முறித்துப் போக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இரத்தத்தின் செவ்வணுக்கள் கெட்டு, ஈறு நீலம் பூத்து, அப்பூனை மறுநாள் மாண்டது. ஒரே மாத்திரை போதும். அவ்வீட்டார் கொலைஞர் அல்லர். நல்ஞானம் இன்றி வந்த இரக்கம் அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது. மும்மணிகளுள் ஞானத்தை நடுவில் வைத்ததை அன்று நினைத்துக்கொண்டோம்.

குட்டிகளின் கதையும் சொல்லவேண்டும். கெட்ட காம்பைத் துணியால் மூடிக் கட்டினோம். மற்றக் காம்புகளில் பால் குடிக்கத் தடையில்லை என்றார் மருத்துவர். ஆனால் காய்ச்சலில் தாயின் பால் குறைந்திருந்தது. இல்லறத்தார் ஏற்கும் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை நூல்கள் சொல்கின்றன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல். மாட்டுக்காகச் சொன்னவை என்றே இதுகாறும் எண்ணியிருந்தோம். ஐந்தாவது ஒரு கூடையின் வடிவில் நம் கையில் இருந்ததை அப்போதுதான் கண்டோம். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி ஓர் உயிரைக் கைவிடுவதைக் குற்றம் என்றே வைத்திருக்கிறது.

பசும்பாலை ஊற்றலாம் என்று அத்தை கிண்ணத்தோடு வந்தார். அதுவும் சரிப்படாதாம். நாய்ப்பாலில் உள்ள கொழுப்பிலும் புரதத்திலும் பாதி அளவுகூடப் பசும்பாலில் இல்லை, பால்சர்க்கரையோ கூடுதல், குட்டிக்குக் கழிச்சல் கண்டுவிடும். முட்டை மஞ்சட்கரு கலந்த ஒரு கலவையை வீட்டிலேயே செய்யலாம் என்று மருத்துவர் தொடங்கியபோது அத்தையின் முகம் மாறியது. அவரே அதைக் குறிப்பறிந்து நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவை எழுதிக் கொடுத்தார். குழந்தையைப் போல் மல்லாத்திப் புகட்டக்கூடாது, புரையேறும். குப்புற வைத்தே ஊட்டவேண்டும். உடல் குளிர்ந்திருந்தால் முதலில் சூடேற்றிவிட்டுத்தான் ஊட்டவேண்டும்; முதலிரு வாரங்களில் குட்டியால் தன் உடல்வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. ஊட்டியபின் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் சிறுநீர் கழியும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது. நாள்தோறும் எடை கூடுகிறதா என்று பார்க்கச் சொன்னார். மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம்.

மூன்று மணிக்கொரு முறை ஊட்டவேண்டும் என்றார்கள். இரவிலும். பொழுது சாய்ந்தபின் வாயில் நீர் படாத அத்தை, இரவு பதினொன்றுக்கும் இரண்டுக்கும் எழுந்து கொட்டகைக்கு விளக்கோடு போனார். இராவுணா விரதம் பிறருக்கு ஊட்டுவதையும் தடுக்குமா என்று நமக்கே ஓர் ஐயம் இருந்தது. அவரிடம் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

இரு குட்டிகளுள் சிறியது பதினோராம் நாள் இறந்தது. மற்றது மறுநாள் கண் திறந்தது. தாயின் காய்ச்சல் மூன்றே நாளில் தணிந்து, சோற்றைத் தானே தேடி வந்தது. கீறிய புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. அந்த ஒரு காம்பு சுருங்கித் தழும்பாகிவிட்டது.

மருத்துவர் வந்த அன்று மாலையே ஏரிக்கரைக்குப் போனோம். கூடை விட்ட இடத்திலேயே இருந்தது. உள்ளே விரித்த சாக்கு நனைந்து கிடந்தது. குட்டிகள் இல்லை. யாரேனும் எடுத்துப் போயிருக்கலாம் என்று உடன் வந்தவர் கூறினார். எட்டு நாள் குட்டி கண் திறவாது; தானே நகர்ந்து எங்கும் போய்விடாது. அதற்குமேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மருந்தினால் மாண்ட கிருமிகளைக் குறித்து நம் தெருவில் பத்து நாள் விவாதம் நடந்தது. அந்தக் கூடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாமும் இதுவரை திறக்கவில்லை. மருந்து கொடுத்தபோது நம் உள்ளம் விழித்திருந்தது. தயங்கினோம், கேட்டோம், அளந்து செய்தோம். கூடையைக் கொடுத்தபோது அப்படி எதுவும் நிகழவில்லை. உமாஸ்வாமி கூறும் பிரமாதம் இவற்றுள் எதில் இருந்தது என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டபோது, விடைக்கு உரைநூல் எதுவும் தேவைப்படவில்லை.

பால் வற்றியபின் அந்த நாய்க்குக் கருத்தடை அறுவை செய்யலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். அடுத்த ஐப்பசியில் இன்னொரு ஆறு குட்டியும் இன்னொரு கூடையும் வராதிருக்க அதுவே வழி என்பது அவர் கருத்து. அத்தை இப்போது புதிய வினாவோடு இருக்கிறார்: அதிசாரங்களுள் மூன்றாவதாக உறுப்பறுத்தல் வருகிறதே, கட்டியைக் கீறியது நோய்க்காக, இது எதற்காக என்று. நல்ல உடலில் கத்தி வைப்பதற்குப் பூச்சியபாதரின் எடுத்துக்காட்டு அப்படியே பொருந்தாது என்று நமக்கும் தோன்றுகிறது. குட்டிகளைக் கூடையில் வைப்பதைவிட அது சிறிய தீங்கு என்றும் தோன்றுகிறது. தை பிறந்ததும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் நம் பெரியவர்கள் சிலரைக் கண்டு கேட்க எண்ணியுள்ளோம். அத்தையும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.